எழுபத்தைந்து லிட்டர்

எந்தப் பக்கம் வண்டியை விட்டாலும்
வின்னிபெக்கிலிருந்து கடலுக்கு நாள்கணக்காகும்.
அதனால் என் கடலை நானே
சமையலறையில், வாளியில், மரக்கரண்டியால் கலக்குகிறேன்.
லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் உப்பு.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.

முதலில் வந்தது டாம்சல்.
தீப்பெட்டிக்குள் அடங்கும் உடம்பு,
உடம்புக்குள் அடங்காத நீலம்.
மூன்று பாறை, ஒரு பொந்து,
வடிகட்டியின் நிழல் உட்பட
அத்தனைக்கும் பட்டா எழுதிக்கொண்டது.
பாசி துடைக்கப் போனால்
என் விரலையும் கொத்தும்.

ஆறு மாதம் கழித்து ஃபயர்ஃபிஷ் ஒன்று.
பாதி வெள்ளை, பாதி தணல்.
முதுகில் நூல்போல ஒரு துடுப்பு.
அதை உயர்த்தும், தாழ்த்தும், மறுபடி உயர்த்தும்,
கூட்டத்தில் பேச அனுமதி கேட்கிறவரைப்போல.

“வரிசை தப்பிப்போச்சே,” என்றார் கடைக்கார ஃப்ரீசன்.
“சாதுவை முதலில் விடணும், சண்டியரைக் கடைசியில்.”
மீதிச் சில்லறையைக் கொடுத்த பிறகுதான்
இதைச் சொன்னார்.

முதல் ராத்திரி, வால் கிழிந்தது.
இரண்டாம் ராத்திரி
வேலை முடிந்து ஐந்து மணிக்கு வந்தால்
தொட்டியில் ஒரே மீன்.

மற்றது தரையில் கிடந்தது,
நான் கழற்றிப்போட்டிருந்த பழைய பூட்ஸ் பக்கத்தில்,
உருகிய பனித்தண்ணீரில், இன்னும் துடித்துக்கொண்டு.
அந்தக் கையளவு சேறுதான் காப்பாற்றியிருக்கும்.
தெருவில் நானே மணலோடு தூவிய உப்பு
கொஞ்சம் அதில் கரைந்திருக்கும்.

மூடிக்கு வலை கட்டினேன்.
பாறைகளை ஒவ்வொன்றாக இடம் மாற்றினேன்,
எல்லைக்கல்லைப் பெயர்த்து நடும் திருடனாக.
டாம்சலை நூடுல்ஸ் வடிகட்டும் கூடையில் அடைத்து
நான்கு நாள் ஓரத்தில் மிதக்கவிட்டேன்.
வெளியே வந்தபோது அதற்கு எதுவும் புரியவில்லை.
அரை மணி நேரம்.
பிறகு புரிந்துவிட்டது.

கடைசியில் சவரக் கண்ணாடியைக் கழற்றிவந்து
தொட்டியின் வலப்பக்கம் சாய்த்தேன்.

அப்பா! என்ன ஆவேசம்.
தன்னளவே பெரிய, தன்னைவிட ஓர் அணுவும் பின்வாங்காத
எதிரி கிடைத்துவிட்டான்.
விடிய விடிய மோதல்.
இடப்பக்கம் ஃபயர்ஃபிஷ்
பொந்திலிருந்து முதலில் துடுப்பை,
அப்புறம் தலையை, அப்புறம் பாதி உடம்பை
வெளியே அனுப்பிப் பார்த்தது.

நான் தடவித் தடவிச் சவரம் செய்தேன்.
தாடையில் இரண்டு வெட்டு.
டிப்போவில் ஒடெட் பார்த்துவிட்டு,
“யாரோடு சண்டை?” என்றாள்.
“ஒரு மீனுக்காக.”
அவள் அன்றைக்குரிய தெருக்களின் பட்டியலை நீட்டினாள்.

என் வேலை பனி ஒதுக்குவது.
தெருவின் நடுவைத் திறந்தால்
வரப்பு ஒன்று ஓரத்தில் எழும்பும்,
அவரவர் வாசலை அடைத்துக்கொண்டு.
டெஷாம்போ தெருவில் இரண்டு மணிக்கு
ஒருவர் இரவு அங்கியோடு ஓடிவந்தார்,
மண்வெட்டியைத் தலைக்கு மேல் தூக்கி.
இப்போதுதான் வழித்து முடித்தாராம்.
என் முகப்பு விளக்கின் வெளிச்சத்தில்
அவர் மூச்சு புகையாய்ப் புகையாய் வெடித்தது.
எனக்குக் கோபம் வரவேண்டிய இடம் அது.
வண்டியைப் பின்னுக்கு எடுத்து
வரப்பின் ஒரு முனையை மட்டும் வெட்டிவிட்டேன்.
மண்வெட்டி இறங்கியது. நன்றி எல்லாம் சொல்லவில்லை.

பன்னிரண்டாம் நாள் கண்ணாடியை எடுத்தேன்.

டாம்சல் வலப்பக்கம் போய் நின்றது.
துடுப்பை விரித்தது. காத்திருந்தது.
பின்னால் ஃபயர்ஃபிஷ் நடுத்தொட்டிவரை வந்து
ஒரு இறால் துணுக்கை வாங்கிக்கொண்டு திரும்பியது.
டாம்சல் திரும்பிப் பார்க்கவில்லை.
அது வெறும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தது,
பக்கத்து வீட்டுக்காரன் சொல்லாமல் காலிசெய்துவிட்டதுபோல.

எவ்வளவு நாளைக்கு என்று தெரியாது.
கூடையைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்,
நூடுல்ஸுக்கு வேறு வாங்கியாயிற்று.
தீனி இரண்டு மூலையில், ஒரே நேரத்தில்:
இடக்கையும் வலக்கையும்
தொட்டிக்கு மேல் விரித்து நிற்கிறேன்.
டெலிபோன் அடிக்கிறது. அடிக்கட்டும்.